விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேரும் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் எங்கள் மைதானத்துக்குப் பிள்ளைகள் பிளாஸ்டிக் ஃபைலோடு வரத் தொடங்கிவிடுவார்கள். எந்தக் கல்லூரியில் எப்போது விளையாட்டுத் தேர்வு (டிரையல்ஸ்), யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். பதினேழு ஆண்டுகளாகத் தடகளப் பயிற்சி தருகிறேன். அதற்கு முன் நானும் 400 மீட்டர் ஓடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போனவன். அன்று நான் செய்த தவறுகளை இந்த ஆண்டும் பிள்ளைகள் வரிசையாகச் செய்கிறார்கள். நேரம் தவறிப் போவது, போட்டோவை மறப்பது போன்றவை ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

“எந்தப் பாடமானாலும் சரி சார்”

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அண்மையில் ஒரு கல்லூரித் தேர்வுக்கு, என்னிடம் பயிலும் மும்முறைத் தாண்டுதல் மாணவியை அழைத்துப் போயிருந்தேன். நன்றாகத் தாண்டினாள். உடற்கல்வி இயக்குநர் மகிழ்ந்துபோய், “என்னம்மா படிக்கப் போகிறாய்?” என்று கேட்டார். மணல் ஒட்டிய முழங்காலைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “எது கொடுத்தாலும் சரி சார். விளையாட விட்டால் போதும்.” அவர் உடனே பட்டியலில் இடம் காலியாக இருந்த பி.காம். வரிசையில் அவள் பெயரை எழுதிவிட்டார். அவர்மேல் குறையில்லை, கேட்டார், பதில் வந்தது. ஆனால் அவள் உயிரியல் படித்தவள். கணுக்கால் பிசகி ஆறு வாரம் சிகிச்சைக்குப் போனதிலிருந்து, இயன்முறை மருத்துவம் படிக்க வேண்டும் என்று என்னிடம் பலமுறை சொன்னவள். அதைச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் வாய் திறக்கவில்லை.

நானும் இதையேதான் சொன்னேன். பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கில வழியில் பொருளாதாரம் கிடைத்தது. காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் புரியாத வகுப்பு. இரண்டாம் ஆண்டு ஒரு போட்டியில், இரண்டாவது வளைவைக் கடக்கும்போது தொடையின் பின்தசை கிழிந்தது. ஏழு மாதம் ஓட முடியவில்லை. அடுத்த பருவத்திலேயே இலவச மெஸ் நின்றது. கையில் ஆறு அரியர் இருந்தது. அவற்றை எழுதி முடிக்கவே கூடுதலாக இரண்டு ஆண்டு ஆயிற்று. பட்டம் இல்லாமல் பி.பி.எட். சேர முடியாது, எனவே உடற்கல்விப் படிப்பும் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. அந்த இரண்டு ஆண்டும் என் அம்மா வாங்கிய கடனில் ஓடின. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தேர்வுக்குப் போகும் முன் கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து, மூன்றை எழுதுங்கள். எங்கிருந்து வருகிறேன், எதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன், படிப்பு முடியும்போது கையில் என்ன இருக்க வேண்டும். “இந்தியாவுக்காக ஓட வேண்டும்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல ஆசைதான், ஆனால் அதில் எண் இல்லை. திருப்பூர் மாவட்டத்துத் தருண் அய்யாசாமி 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்றது 48.96 விநாடியில். இன்று நீங்கள் 56 விநாடியில் ஓடினால், முதல் ஆண்டு முடிவில் எத்தனை, மூன்றாம் ஆண்டில் எத்தனை என்று எழுதுங்கள். பக்கத்திலேயே பாடத்தின் பெயரும் இருக்கட்டும். அந்தப் பாடம் அங்கே இல்லையென்றால் வேறு கல்லூரியின் தேர்வுக்குப் போங்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் மாணவன் ஒருவன், “வயதைக் குறைத்து ஆடச் சொன்னால் ஆட மாட்டேன்” என்று எழுதியிருந்தான். மாவட்டப் போட்டியில் தன்னைவிட மூத்தவனிடம் மூன்றாம் இடத்தை இழந்தவன் அவன். மனப்பாடம் செய்த “ஒழுக்கம், கடின உழைப்பு” எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரியில் அவன் யார் என்று தெரிந்தது.

வந்த வழியை மறைப்பது

செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன். ஒன்பதாம் வகுப்பில் மாநில அளவு வரை போனவன். பத்தாம் வகுப்பில் ஒரு சான்றிதழும் இல்லை. தேர்வாளர் காரணம் கேட்டார். அவன் தலையைக் குனிந்து நின்றான். காயம் என்றோ அக்கறையின்மை என்றோ அவர் நினைத்திருப்பார். சூளைப் பருவத்தில் பெற்றோருடன் ஊர் மாறியதால் அந்த ஆண்டு பள்ளிகளுக்கான முதல் கட்டமான குறுவட்டப் போட்டியிலேயே அவன் பெயர் பதிவாகவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டான். சூளை மண்ணில் விடியற்காலை தனியாக ஓடி, அடுத்த ஆண்டு பழைய நேரத்துக்கே திரும்பியவன். எந்தப் பயிற்சியாளரும் கேட்டால் நிமிர்ந்து உட்காரும் செய்தி அது. பரிதாபம் தேடிச் சொல்ல வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

சான்றிதழின் எடையைப் பார்ப்பது

ஃபைல் கனமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தனியார் நடத்தும் போட்டிகளில் எல்லோருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் உண்டு. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் முக்கியமாகப் பார்க்கப்படுவது நான்கு வகைச் சான்றிதழ்ப் படிவங்கள்: நாட்டுக்காக ஆடியதற்கு முதல் படிவம், தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியதற்கு இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்றாவது, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு நான்காவது. கல்லூரிக்குப் போகிறவர் குறிவைக்க வேண்டியது மூன்றாவதை. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இலவச ஹாஸ்டலை மட்டும் பார்க்காதீர்கள். பல கல்லூரிகள் இணைந்த பெரிய பல்கலைக்கழகம் என்றால், அத்தனை கல்லூரி மாணவர்களோடும் மோதித்தான் அதன் அணிக்குள் நுழைய முடியும். உங்கள் பிரிவில் அங்கே இப்போது முதலிடத்தில் இருப்பவரின் நேரமோ தூரமோ என்ன என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். உங்கள் பிரிவுக்குப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். ஓட்டப் பயிற்சியாளர் ஒருவரே ஈட்டி எறிபவரையும் பார்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு.

லேமினேஷன்

செய்யாதீர்கள். சான்றிதழின் பின்பக்கம் சரிபார்ப்பு முத்திரை வைக்க வேண்டி வரும்.

அசலைக் கொடுத்துவிட்டு வருவது

சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்குங்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது.

புரதப் பொடி

ஜிம்மில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். உடலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் பொறுப்பு உங்களுடையது. “தெரியாமல் சாப்பிட்டேன்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பழைய குண்டின் தூரத்தைச் சொல்வது

இருபது வயதுக்குட்பட்ட ஆண்கள் எறிவது 6 கிலோ குண்டு. பெரியவர்களுக்கு 7.26 கிலோ. 110 மீட்டர் தடை ஓட்டத்திலும் தடையின் உயரம் 99.1 சென்டிமீட்டரிலிருந்து 106.7-க்கு ஏறுகிறது. பையன்கள் 6 கிலோவில் எறிந்த தூரத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். கல்லூரியில் கனமான குண்டைக் கையில் எடுத்ததும் தூரம் குறைய, மனம் விட்டுப்போகும். சேர்க்கைக்கு முன்பே பெரிய குண்டை எடுத்துப் பத்து நாள் எறிந்து பாருங்கள். முதலில் சொன்ன அந்தக் கோடு போட்ட தாளில் எழுத வேண்டியது பத்தாவது நாள் விழுந்த தூரத்தை.