சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

யீஷூனில் எங்கள் புளோக்கில் ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் முதலில் என்னிடம் கேட்பது, "அக்கா, எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதுதான். அவர்களுக்குச் சொல்லும் வழியையே இங்கே எழுதுகிறேன்.

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் காலை 9:00க்குப் புறப்பட்டு சென்னைக்கு 10:40க்கு வருவதாகப் போட்டிருந்தால், பயணம் ஒரு மணி 40 நிமிடம் அல்ல. நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அதைக் கூட்டினால் 4 மணி 10 நிமிடம். திரும்பி வரும்போது அதே இரண்டரையைக் கழிக்க வேண்டும். (1982க்கு முன் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள்.)

இரவு விமானத்தில் தேதியையும் பாருங்கள். வெள்ளி இரவு 11 மணிக்கு இங்கே ஏறினால் அப்போது இந்தியாவில் இரவு 8:30. இறங்கும்போது 12:30 தாண்டிவிடும், அதாவது சனிக்கிழமை. கார் எடுத்துக்கொண்டு அழைக்க வருகிறவரிடம் "வெள்ளி ராத்திரி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வெள்ளி முடிந்து சனி பிறந்ததும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சரி, டிக்கெட் கையில் இல்லாமலே தூரத்தையும் நேரத்தையும் கண்டுபிடிக்க முடியுமா? முடியும், கைப்பேசிக் கால்குலேட்டர் போதும். சாங்கி இருப்பது அட்சரேகைப்படி வடக்கே 1.4 டிகிரி, தீர்க்கரேகைப்படி கிழக்கே 104. சென்னை விமான நிலையம் வடக்கே 13, கிழக்கே 80.2. வித்தியாசம் 11.6, 23.8. பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான்: இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் 701. அதன் வர்க்கமூலம் சுமார் 26.5. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர். பெருக்கினால் 2,940 கிலோமீட்டர் வரும். உண்மையான தூரத்துக்கு மிக நெருக்கம்.

நடுவானில் ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்கில் போகும். 2,940ஐ 850ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் சேருங்கள். நான்கு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

இந்தக் கணக்கு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்களுக்குத்தான் சரிவரும். வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் லண்டனுக்கு இப்படிப் போட்டால் தூரம் தப்பாகக் காட்டும்.

அப்புறம், வான்தூரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். திருச்சி வான்வழியில் சென்னையைவிடச் சற்றே தள்ளி இருக்கிறது, 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் சென்னையில் இறங்கித் திருச்சிக்குப் போக சாலையில் இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் கேட்டால் யோசிக்காமல் திருச்சி நேரடி விமானம் என்றே சொல்வேன். கைக்குழந்தையோடும் வயதான அம்மாவோடும் போகிறவர்களுக்கு, கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதுவே நல்லது.