போக்கரில் அடுத்த லிமிட்டுக்கு ஏறும்போது பேங்க்ரோலை எப்படிக் கையாள்வது

10 டாலர் பை-இன் (டேபிளில் உட்காரும்போது கொண்டுபோகும் தொகை) டேபிளில் மாதக்கணக்கில் ஜெயித்தவர்கள் அடுத்த லிமிட்டான, அதாவது அடுத்த பண மட்டமான 25 டாலர் டேபிளுக்குப் போன இரண்டே வாரத்தில் பாதிப் பணத்தை விட்டுவிட்டுத் திரும்புவது வழக்கமாக நடப்பது. எதிராளிகள் பலமாக இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எந்தத் தொகையில் ஏறுவது, எந்தத் தொகையில் இறங்குவது என்பதை முன்பே எழுதி வைக்காதது. நஷ்டத்தில் இருக்கும்போது அந்த முடிவை யாராலும் நிதானமாக எடுக்க முடியாது.

இங்கே சொல்வது ஆறு பேர் ஆடும் ஆன்லைன் நோ-லிமிட் ஹோல்டெம் (ஒரே பந்தயத்தில் எவ்வளவும் வைக்கக்கூடிய போக்கர் வகை) கேஷ் கேமுக்கான, அதாவது நேரடியாகப் பணம் வைத்து ஆடும் ஆட்டத்துக்கான கணக்கு. இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதைத் தடை செய்துவிட்டது. எனவே இது உரிமம் பெற்ற தளங்களில் சட்டப்படி ஆட முடிகிற நாடுகளில் இருப்பவர்களுக்கானது.

முதலில், பேங்க்ரோல் என்பது போக்கருக்கென்றே ஒதுக்கிய, முழுவதும் போனாலும் வீட்டுச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறையாத பணம். கடன் வாங்கிய பணம், வாடகைக்கு வைத்தது, இன்னும் கைக்கு வராத போனஸ் எதையும் இதில் சேர்க்கக் கூடாது. தனிக் கணக்கில் வையுங்கள். குடும்பப் பணத்திலிருந்து அதை நிரப்பத் தோன்றினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அடுத்தது, உங்கள் வின்ரேட்டை எவ்வளவு நம்பலாம் என்பது. 100 ஹேண்டுக்கு (ஒரு ஹேண்ட் என்பது கார்டு போட்டு முடியும் ஒரு சுற்று) எத்தனை பிக் பிளைண்ட் ஜெயிக்கிறீர்கள் என்பதே வின்ரேட். பிக் பிளைண்ட் என்பது கார்டு பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயங்களில் பெரியது; இங்கே ஒரு பை-இன் 100 பிக் பிளைண்ட். ஆறு பேர் டேபிளில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதன் அளவு) 100 ஹேண்டுக்குச் சுமார் 80 முதல் 100 பிக் பிளைண்ட் இருக்கும். டிராக்கிங் மென்பொருளில் உங்கள் எண்ணையே பார்த்துக்கொள்ளலாம். 90 என்று வைத்தால், 10,000 ஹேண்டுக்குப் பிறகு திரையில் தெரியும் வின்ரேட்டில் 9 பிக் பிளைண்ட் வரை ஏற்ற இறக்கம் சர்வசாதாரணம். 5 என்று காட்டினால் உண்மையில் மைனஸ் 4 ஆகவும் இருக்கலாம். 1,00,000 ஹேண்டில்தான் இந்தத் தடுமாற்றம் 3க்குக் கீழே வருகிறது. 10,000 ஹேண்ட் லாபத்தைக் காட்டி ஏறுபவர் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைக் காட்டித்தான் ஏறுகிறார்.

திவாலாகும் வாய்ப்பைக் கணக்கிடுவது எளிது. வின்ரேட்டை பேங்க்ரோலால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, டீவியேஷனின் வர்க்கத்தால் வகுங்கள். வின்ரேட் 5, பேங்க்ரோல் 20 பை-இன், அதாவது 2,000 பிக் பிளைண்ட் என்றால் 2 × 5 × 2000 ÷ 8100 = 2.47. 2.718ஐ 2.47 அடுக்குக்கு உயர்த்தி, 1ஐ அந்த விடையால் வகுத்தால் 0.085. அதாவது 8.5%. இதே வின்ரேட்டுக்கு 30 பை-இன் இருந்தால் 2.5%, 40 இருந்தால் 0.7%.

வின்ரேட் 2.5 ஆகக் குறைந்தால்? 20 பை-இன்னுக்கு 29%, 30க்கு 16%, 40க்கு 8.5%. மேலே ஏறியதும் நடப்பது இதுதான். பழைய லிமிட்டில் இருந்த வின்ரேட் புதிய லிமிட்டில் அப்படியே வராது. "20 பை-இன் போதும்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஜெயித்ததில் பாதியை மாதாமாதம் வெளியே எடுப்பவருக்கும் இதே கதி: வின்ரேட் 5 என்றாலும் பேங்க்ரோலைப் பொறுத்தவரை அது 2.5தான். லிமிட் ஏறும் காலத்தில் பணத்தை எடுக்காமல் இருப்பது நல்லது. ஒரு ஆறுதல், இந்தச் சூத்திரம் கீழே இறங்கவே மாட்டேன் என்று ஆடுபவருக்கானது. சரியான நேரத்தில் இறங்கிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும்.

புதிய லிமிட்டில் உங்கள் வின்ரேட் என்ன என்பது ஆடிப் பார்க்கும்வரை தெரியாது. அதனால் முழுதாக ஏறாமல், இழக்கத் தயாரான ஒரு தொகையை ஒதுக்கி "ஷாட்" எடுங்கள். 25 டாலர் லிமிட்டுக்குக் கையில் 625 டாலர், அதாவது 25 பை-இன் சேர்ந்ததும் தொடங்கலாம். ஷாட்டுக்கு 5 பை-இன், 125 டாலர். பேங்க்ரோல் 500ஐத் தொட்டால் அன்றே 10 டாலர் டேபிளுக்குத் திரும்ப வேண்டும்; அங்கே அது 50 பை-இன், பத்திரமான நிலை. மறுபடி 625ஐ எட்ட வேண்டியது 1,250 பிக் பிளைண்ட். வின்ரேட் 5 இருந்தால் 25,000 ஹேண்ட். நான்கு டேபிளில் மணிக்கு 300 ஹேண்ட் ஆடினால் 80 மணி நேரத்துக்குச் சற்று மேல். மேலே ஏறும் கோடும் கீழே இறங்கும் கோடும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஷாட் தோற்றால் மனம் உடையாதீர்கள். புதிய லிமிட்டில் உண்மையிலேயே 2 பிக் பிளைண்ட் வின்ரேட்டில் ஜெயிக்கக்கூடியவர்கூட, 5 பை-இன் ஜெயிப்பதற்கு முன் 5 பை-இன் தோற்கும் வாய்ப்பு சுமார் 44%. இரண்டு மூன்று முயற்சி தேவைப்படுவது இயல்பு.

பேங்க்ரோல் 1,000 டாலர், அதாவது 40 பை-இன் ஆனதும் 25 டாலர் லிமிட் உங்களுடையது. அடுத்து 50 டாலர் லிமிட்டுக்கு 1,250ல் ஷாட், 1,000ல் இறக்கம். 10லிருந்து 25க்கு ஏறுவது இரண்டரை மடங்கு, 25லிருந்து 50க்கு இரண்டே மடங்கு. முதல் படிதான் அதிகம் வதைக்கும்.

ஷாட் எடுக்கும் நாளில் டேபிள்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு 100 பிக் பிளைண்டோடு உட்காருங்கள். பயந்து 40ஓடு உட்கார்ந்தால் அதற்கான ஆட்ட முறையே வேறு, நீங்கள் பழகியது உதவாது. ஒரு நாளில் இரண்டு பை-இன் போனால் எழுந்துவிடுங்கள். ஜெயிக்கும்போதும் ஒரு வரம்பு வேண்டும். போக்கர் வீரர் கிறிஸ் ஃபெர்குசன் 2006ல் பூஜ்ஜியத்திலிருந்து 10,000 டாலர் சேர்க்கும் சவாலைத் தொடங்கியபோது, கேஷ் கேமில் பேங்க்ரோலின் 5%க்கு மேல் பை-இன் போடுவதில்லை, டேபிளில் இருக்கும் பணம் 10%ஐத் தாண்டினால் பிளைண்ட் தன்னிடம் வந்ததும் எழுந்துவிடுவது என்று விதி வைத்திருந்தார். 625 டாலருக்கு 10% என்பது 62.50, 250 பிக் பிளைண்ட் ஸ்டாக் (டேபிளில் உங்கள் முன்னால் இருக்கும் பணம்). அந்த ஆழத்தில் அதே ஸ்டாக் வைத்திருக்கும் திறமையான எதிராளியிடம் ஒரே ஹேண்டில் ஷாட் பணத்தில் பாதி போய்விடும்.

கேசினோவில் 1/2 டாலர் டேபிளிலிருந்து (சிறிய, பெரிய பிளைண்ட் தொகைகள்) 2/5க்கு ஏறுபவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். அங்கே மணிக்கு 25, 30 ஹேண்ட்தான் வரும். 10,000 ஹேண்டுக்கு 330 முதல் 400 மணி நேரம் ஆகும். அங்கே தெரியும் வின்ரேட்டை நம்பி ஏற முடியாது என்பதால் ஷாட் தொகையை 3 பை-இன்னோடு நிறுத்துங்கள். டீலர் டிப்ஸையும் பயணச் செலவையும் வின்ரேட்டில் கழிக்க வேண்டும். டோர்னமெண்டுக்கு 100 பை-இன்னாவது வேண்டும், பெரிய கூட்டம் என்றால் 200. 10 டாலர் டோர்னமெண்டில், தோற்றபின் மறுபடி பணம் கட்டி நுழைவதையும் சேர்த்து, சராசரியாக ஒன்றரை தடவை நுழைகிறீர்கள் என்றால் உங்கள் பை-இன் 15 டாலர்.

ஷாட் தோற்றுத் திரும்பியதும் 50 பிக் பிளைண்டுக்கு மேல் போன ஹேண்டுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். சரியாக ஆடியும் கார்டு வராமல் தோற்றவை ஒரு பக்கம், 10 டாலர் டேபிளில் செய்திருக்கவே மாட்டாத கால் (எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கட்டுவது) அல்லது ஃபோல்ட் (கார்டைப் போட்டுவிட்டு விலகுவது) மறு பக்கம். இரண்டாவது பக்கம் பாதியைத் தாண்டினால் பணத்தின் அளவு உங்கள் கையைப் பிடிக்கிறது என்று பொருள். அடுத்த ஷாட்டை 625ல் எடுக்காமல் 35 பை-இன், அதாவது 875 சேரும்வரை தள்ளி வையுங்கள்.