பத்துமலையில் வௌவால் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துமலை வௌவால்களைப் பற்றிப் பள்ளிக்கு எழுதும் பிள்ளைகள், "இருட்டியதும் வெளியே வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிக்கக் கூடாது. குகையின் ஆழத்தில் நண்பகலிலும் கும்மிருட்டுதான். வெளியே பொழுது சாய்ந்தது உள்ளே தொங்கும் வௌவாலுக்கு எப்படித் தெரியும்?

இதைத் துருவி ஆராய்ந்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரன். அவரும் மாரிமுத்து முதலிய சக ஆய்வாளர்களும் பூச்சி தின்னும் வௌவால்களைக் கூண்டில் அடைத்து, வெளிச்சமே எட்டாத குகைக்குள் வைத்துக் கவனித்தார்கள். சுற்றிலும் அதே இன வௌவால்கள் வாழ்ந்து, தினமும் இரை தேடப் போய் வந்துகொண்டிருந்தன. கூண்டு வௌவாலும் அவை கிளம்பும் நேரத்தை ஒட்டியே சிறகடித்தது. வேறு குகையில் தனியாக வைத்தபோதோ, அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிப்போனது. கடிகாரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சரிசெய்து வைத்தது கூட்டம். மதுரைக்குப் பக்கத்துக் குகையில் இப்படியொன்று தெரியவந்தது என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

ஆகவே தனியே அடைத்த விலங்கின் நேரம் விலகினால், கடிகாரம் கெட்டுவிட்டது என்று எழுதுவதும் பிழை. ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ எடுத்து ஓடுவதே அதன் இயல்பு.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, "ஒரு ஃபிளாஷ் என்ன செய்துவிடும்?" என்ற எண்ணம். அரை மில்லி விநாடி மட்டுமே நீடித்த பளீர் ஒளி வௌவாலின் கடிகாரத்தை நகர்த்தியதை 1984-இல் சந்திரசேகரன் குழு வெளியிட்டது. ஒளி எந்த வேளையில் படுகிறது என்பதைப் பொறுத்து கடிகாரம் முன்னே போகும், அல்லது பின்னே தள்ளிப்போகும். குகைக்குள் விளக்கை அணைக்காமல் வைத்தால் கூட்டத்தோடு ஒத்துப்போவதே நின்றுவிடும் என்று 1983-லேயே காட்டியிருந்தார்கள். கைப்பேசி விளக்கை உள்ளே அடிக்காதீர்கள்.

மதுரை முடிவை எல்லா வௌவாலுக்கும் பொருத்திவிடவும் கூடாது. டுரியான் பூவில் தேன் குடிக்கும் பத்துமலை வௌவால் வேறு இனம்.

அப்புறம், "தினமும் 7:20-க்கு வருகிறது" என்று எழுதாதீர்கள். கோலாலம்பூரில் சூரியன் மறையும் நேரமே ஆண்டுக்குள் ஏறக்குறைய அரை மணி நேரம் மாறுகிறது. அன்றைய மறைவு நேரத்தையும், முதல் வௌவால் வந்த நேரத்தையும், மேகமூட்டத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.