பூட்டும்போது நேரும் பிழைகள்: விமானப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானத்தில் ஒரு பாகத்தைக் கழற்றுவது எளிது. எந்தத் திருகு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்பதைப் பாகமே காட்டிக்கொடுத்துவிடும். திரும்பப் பூட்டும்போது அந்த வசதி கிடையாது. ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இல்லாமலும் பிளக் உட்காரும். ஒரு நம்பர் குறைந்த போல்ட்டும் துளைக்குள் போகும். வாஷர் விட்டுப்போனாலும் நட்டு இறுகும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

பராமரிப்புக் கோளாறால் நேர்ந்த விபத்துகளின் அறிக்கைகளைப் படித்தால், இந்தப் பூட்டும் கட்டம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வேலைகளைச் செய்தவர்களில் பலர் நல்ல அனுபவசாலிகள். ஹேங்கரிலும் (விமானக் கொட்டகை) ஏப்ரனிலும் (விமானங்கள் நிற்கும் தளம்) வேலை பார்ப்பவர்கள், ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) லைசென்ஸுக்குப் படிப்பவர்கள் எல்லோருமே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தவறுகள் இவை.

பழைய போல்ட்டைப் பார்த்துப் புது போல்ட் எடுப்பது

1990 ஜூன் 10. பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390-இல், சுமார் 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதிக்கு மேல் வெளியே இழுக்கப்பட்டது. கேபின் ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். கேப்டன் பிழைத்தது பெரும் பாக்கியம்.

அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டது அதற்கு 27 மணி நேரம் முன்பு, ஓர் இரவு ஷிப்டில்தான். அதைப் பிடித்திருந்தவை 90 போல்ட்டுகள். போட வேண்டிய பார்ட் நம்பர் ஏ211-8டி. கழற்றியபோது வந்தது ஏ211-7டி. சரியான தடிமன்தான், ஆனால் நீளம் 0.1 அங்குலம் குறைவு. அதாவது அதற்கு முன்பே யாரோ தவறாகப் பூட்டியிருந்தார்கள், அதிர்ஷ்டத்தால் அது நான்கு ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. ஷிப்ட் மேலாளர் பாகப் பட்டியலைத் திறக்காமல், கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் கண் அளவாலேயே ஜோடி தேடினார். 8டி-தான் வழக்கமாகப் போடுவது என்று ஸ்டோர்ஸில் இருந்தவர் சொல்லியும், பழைய போல்ட்டையே நம்பினார். அவர் எடுத்தவற்றில் 84 போல்ட்டுகள் ஏ211-8சி: விட்டம் 0.026 அங்குலம், அதாவது 0.66 மி.மீ. குறைவு. மீதி 6 பழைய 7டி.

தடிமன் குறைந்த போல்ட் எப்படி நட்டில் பிடித்தது? 8சி, 8டி இரண்டுக்கும் மரை இடைவெளி ஒன்றே. அதனால் மெல்லிய போல்ட்டும் மரையின் நுனியைப் பற்றிக்கொண்டு ஏறியது. ஆனால் தலை சிறியதாக இருந்ததால், துளையின் சரிவில் வழக்கத்தைவிட ஆழமாக அமிழ்ந்து, சுற்றிலும் இடைவெளி விட்டது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேலைமேடை சரியான இடத்தில் இல்லை. எட்டிக் குனிந்து முடுக்கியவருக்குத் தன் கையே அந்த இடைவெளியை மறைத்தது.

ஆகவே பார்ட் நம்பரை எப்போதும் பாகப் பட்டியலிலிருந்தே எடுங்கள். அதிலும் உங்கள் விமானத்தின் வரிசை எண்ணுக்கு அந்த வரி பொருந்துகிறதா என்று பாருங்கள். கழற்றிய பாகம் சரியானது என்பதற்கு அது இவ்வளவு நாள் பறந்தது சாட்சி ஆகாது. பட்டியலோடு ஒத்துவராவிட்டால் நிறுத்தி எழுதி வையுங்கள், முன்பு செய்த தவறு ஒன்று அங்கேதான் வெளிப்படும். டப்பாவின் லேபிளை மட்டும் நம்பக் கூடாது. மேடை எட்டவில்லையென்றால் மேடையை நகர்த்திவிட்டுத்தான் வேலை.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. முன்கண்ணாடி அப்போது இரண்டாம் நபர் சரிபார்க்க வேண்டிய பட்டியலில் இல்லை. வேலை செய்தவரே ஷிப்டுக்குத் தலைவர் என்பதால், அவருக்கு மேல் பார்க்க ஆளும் இல்லை. இன்று முக்கிய வேலைகளில் தவறைப் பிடிக்கும் வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்கின்றன ஐரோப்பிய விதி 145-உம், அதை ஒட்டி அமைந்த நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 145 விதியும். சுயாதீனப் பரிசோதனை (இரண்டாம் நபர் தனியாகச் சரிபார்ப்பது) என்றால் பக்கத்தில் நின்றுவிட்டுக் கையெழுத்து போடுவதல்ல. கட்டுப்பாட்டு அமைப்பாக இருந்தால் இணைப்புகள், பூட்டுகள், தடையற்ற இயக்கம், முழு வீச்சு, திசை இவை ஐந்தையும் இரண்டாமவர் தானே பார்க்க வேண்டும். முதலாமவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினால் அது ஒரே பரிசோதனைக்கு இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான்.

பாதி வேலையை வாய்மொழியில் ஒப்படைப்பது

1991 செப்டம்பர் 11, டெக்சாஸில் ஈகிள் லேக் அருகே கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 விழுந்து 14 பேரும் இறந்தார்கள். வால் பகுதியின் கிடைமட்டத் தளத்தில், இடதுபக்க முன்விளிம்பின் மேல்புறம் இருக்க வேண்டிய 47 திருகுகள் அங்கே இல்லை. முந்தின மாலை ஷிப்டில் பனி அகற்றும் ரப்பர் உறையை மாற்றுவதற்காக இருபக்கமும் மேல் திருகுகள் கழற்றப்பட்டன. இரவு ஷிப்ட் வலதுபக்கத்தை முடித்தது. இடதுபக்கம் அன்றைக்கு இல்லை என்று ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் இடதுபக்க மேல் திருகுகள் ஏற்கெனவே கழற்றப்பட்ட செய்தி பொறுப்பேற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. டி வடிவ வால், உயரத்தில் இருக்கிறது; கீழ்த் திருகுகள் இருந்தன, தரையிலிருந்து பார்ப்பவருக்கு மேல்புறம் தெரியவே தெரியாது. மறுநாள் பறப்பில் முன்விளிம்பு பெயர்ந்தது.

‘வேலை நடக்கிறது’ என்று ஒப்படைப்புப் புத்தகத்தில் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. எழுத வேண்டியது இப்படி: ‘இடது கிடைமட்டத் தளம், முன்விளிம்பு மேல்புறம், 47 திருகுகள் கழற்றப்பட்டுள்ளன. பையில் போட்டு மேடைக் கம்பியில் கட்டியுள்ளது. டாஸ்க் கார்டு படி 6 வரை முடிந்தது. 7 முதல் பாக்கி.’ எங்கே, எத்தனை, எதுவரை. கழற்றும் ஒவ்வொரு பேனலுக்கும், தளர்த்தும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரி திறக்க வேண்டும். பெரிய வேலையின் தலைப்புக்குள் அதை ஒளித்துவைத்தால், அந்தத் தலைப்பு ஒத்திவைக்கப்படும்போது கழற்றிய திருகுகளும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். எழுதி ஒப்படைத்தால் மட்டும் போதாது. போகிறவரும் வருகிறவரும் விமானத்தருகே போய், அந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிக்கொள்ளுங்கள்.

தொலைபேசி வந்து நடுவில் எழுந்து போனீர்களா? திரும்பி வந்ததும், கடைசியாகச் செய்ததாக நினைக்கும் படியிலிருந்து மூன்று படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

2013 மே 24 ஹீத்ரோ சம்பவமும் இதே இனம்தான். ஏ319 விமானம் ஒன்றின் இரு எஞ்சின்களிலும் ஃபேன் கவுல் கதவுகள் (எஞ்சினை மூடும் உறைக் கதவுகள்) தாழிடப்படாமலே புறப்பட்டு, ஓடுபாதையிலேயே பிய்ந்து போயின. ஓர் எஞ்சினில் தீ. எண்ணெய் நிரப்பும் கருவியை எடுத்துவரலாம் என்று கதவுகளை இறக்கி வைத்துவிட்டுப் போன டெக்னீஷியன்கள், திரும்பும்போது வேறொரு விமானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே கதவுகள் ஒழுங்காகத் தாழிட்டிருந்ததால், வேறு யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். இதைத் தவிர்ப்பது எளிது. விட்டுப் போவதானால் கதவைத் தாங்குகம்பி கொடுத்து முழுதாகத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் தாழிட்டுவிட்டுப் போங்கள். இறக்கி வைத்து, தாழிடாமல் விடும் நடுநிலை ஒருபோதும் வேண்டாம். தாழ்கள் எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கின்றன. மண்டியிட்டுப் பார்த்தால்தான் தெரியும். திரும்பி வந்ததும் முதல் வேலை, விமானத்தின் பதிவெழுத்தை டாஸ்க் கார்டோடு (வேலைப் படிகள் எழுதிய அட்டை) ஒப்பிடுவது.

எல்லா எஞ்சினையும் ஒரே கை தொடுவது

1983 மே 5, மயாமியிலிருந்து நாசோ போன ஈஸ்டர்ன் 855. எல்-1011, மூன்று எஞ்சின், 172 பேர். மூன்றிலும் உலோகத்துகள் காட்டும் பிளக்குகள் ஓ ரிங் இல்லாமல் பூட்டப்பட்டிருந்தன. எண்ணெய் வடிந்து, கடலுக்கு மேல் மூன்று எஞ்சினும் நின்றுபோக, முதலில் அணைத்த எஞ்சினை மறுபடி இயக்கி, அது ஒன்றைக் கொண்டு மயாமியில் இறங்கினார்கள். ஓ ரிங் போட்டே வரும் பிளக்குகளை எடுத்துப் பூட்டிப் பழகிய கை, அன்று ஸ்டோர்ஸிலிருந்து ஓ ரிங் இல்லாமல் வந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு எஞ்சினில் நடந்தால் கோளாறு. மூன்றிலும் நடந்தால் பேரிடர். அதனால்தான் கரையிலிருந்து வெகுதூரம் பறக்கும் இரட்டை எஞ்சின் விமானங்களில், ஒரே வேலையை இரு எஞ்சின்களிலும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் செய்யக் கூடாது என்கிறார்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் ஆள் மாற வேண்டும், பிறகு எஞ்சினை ஓட்டிக் கசிவு பார்க்க வேண்டும், மானுவல் சொல்லும் நேரம் முழுவதும்.

ஓ ரிங் விஷயத்தில் இன்னொன்று. கறுப்பாக, ஒரே அளவில் இரண்டு வளையங்கள் இருக்கும்; ரப்பர் வேறாக இருக்கும். ஸ்கைட்ரால் போன்ற பாஸ்பேட் எஸ்டர் ஹைட்ராலிக் திரவத்துக்கு எத்திலீன் புரொப்பிலீன் வளையம். அதையே எஞ்சின் எண்ணெயிலோ எரிபொருளிலோ போட்டால் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். எனவே உறையைக் கிழித்துவிட்டு மேசையில் கலந்து கொட்டிவைக்காதீர்கள். பூட்டும் நொடிவரை உறையிலேயே இருக்கட்டும், பார்ட் நம்பரும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கின்றன.

டார்க் ரெஞ்ச் சொன்னதை அப்படியே நம்புவது

டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) நுனியில் நீட்டிப்பு மாட்டினால், அளவுகோல் காட்டுவது போல்ட்டுக்குப் போய்ச்சேரும் முறுக்கு அல்ல. ரெஞ்சின் நீளம் 300 மி.மீ., நேர்கோட்டில் மாட்டிய நீட்டிப்பு 50 மி.மீ., வேண்டிய முறுக்கு 350 அங்குல பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 350-ஐ 300-ஆல் பெருக்கி 350-ஆல் வகுத்தால் 300. ரெஞ்சில் வைக்க வேண்டியது இந்த 300. கணக்குப் போடாமல் 350 வைத்தால் போல்ட்டுக்கு 408 போகும். ஆறில் ஒரு பங்கு அதிகம். நீட்டிப்பைச் செங்கோணத்தில் மாட்டினால் இந்தத் திருத்தம் தேவையில்லை.

உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை, கிரீஸ் தடவிய மரையில் வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். தானே பூட்டிக்கொள்ளும் நட்டில் சும்மா ஓடும்போதே ஒரு தடை இருக்கும். மானுவல் வேறு மாதிரிச் சொல்லாதவரை அதை அளந்து, வேண்டிய முறுக்கோடு கூட்ட வேண்டும். வேண்டிய முறுக்கு வந்ததும் ரெஞ்ச் தரும் கிளிக் கேட்ட பிறகு உறுதிக்காக இன்னொரு முறை அழுத்துவது மிகப் பரவலான கெட்ட பழக்கம்.

காட்டர் பின் (நட்டு கழலாமல் துளையில் செருகும் ஊசி) போடும் நட்டில் துளை நேராக வராவிட்டால் பின்னால் தளர்த்திச் சரிசெய்யக் கூடாது. குறைந்தபட்ச முறுக்கில் தொடங்கி, அனுமதித்த எல்லைக்குள் முன்னோக்கியே இறுக்கிப் பாருங்கள். வரவில்லையென்றால் வாஷரையோ நட்டையோ மாற்றுங்கள். லாக்வயர் (போல்ட் கழலாமல் கட்டும் கம்பி) இழுக்கும் திசை போல்ட் இறுகும் திசையாக இருக்க வேண்டும். 0.032 அங்குலக் கம்பிக்கு ஓர் அங்குலத்தில் 6 முதல் 8 சுற்று முறுக்க வேண்டும். பழைய கம்பியும் பழைய காட்டர் பின்னும் குப்பைக்கு.

மானுவலைவிட நல்ல வழி கண்டுபிடிப்பது

டிசி-10 விமானத்தில் எஞ்சினைக் கழற்றிய பிறகே பைலானை (எஞ்சினை இறக்கையில் தொங்கவிடும் தாங்கி) கழற்ற வேண்டும் என்றார் தயாரிப்பாளர். இரண்டையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்டில் தாங்கி இறக்கினால் சுமார் 200 மனித மணி நேரம் மிச்சம் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸில் அப்படிச் செய்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் சற்று நகர்ந்தாலும் பைலானின் பின்தடுப்பு, இறக்கை இணைப்பில் மோதும். அப்படி விழுந்த விரிசலின் நீளம் 10 அங்குலம். 1979 மே 25-இல் சிகாகோவில் எஞ்சின் பைலானோடு பெயர்ந்து விழுந்து 273 பேர் போனார்கள்.

பழுதுபார்ப்பிலும் இதே கதைதான். 1978-இல் ஒசாகாவில் வால் தரையில் உரசிய போயிங் 747-க்குப் பின் அழுத்தத் தடுப்பை (கேபின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்சுவர்) சீர்செய்தபோது, மூன்று வரிசை ரிவெட்டுகளையும் பிடிக்கும் ஒரே தகடு வரைபடத்தில் இருந்தது. அதை இரண்டாக வெட்டிப் போட்டதால் சுமை ஒரே வரிசையில் விழுந்தது. எண்ணிக்கையில் ரிவெட்டுகள் சரி, சுமை போகும் பாதைதான் அறுந்துவிட்டது. 12,000-க்கும் மேற்பட்ட பறப்புகளுக்குப் பிறகு, 1985 ஆகஸ்ட் 12-இல் அந்தத் தடுப்பு கிழிந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் 123-இல் 520 பேர் இறந்தார்கள். வரைபடத்தின்படி பொருத்த முடியவில்லையென்றால் வடிவமைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை விமானம் நிற்கட்டும்.

கணக்கிலும் காகிதத்திலும்

எம்.இ.எல். (எந்தக் கோளாறோடு எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) கெடுவில், கோளாறு பதிவான நாள் கணக்கில் சேராது. அதற்கு அடுத்த நாளிலிருந்து பி பிரிவுக்கு 3 நாள், சி-க்கு 10, டி-க்கு 120. ஏ பிரிவுக்கு அந்தந்த வரியில் எழுதியிருப்பதே கெடு. ஸ்டிக்கர் ஒட்டியதோடு வேலை முடிந்ததாக நினைப்பது இன்னொரு தவறு. ‘எம்’ குறி இருந்தால் அந்தப் பராமரிப்பு நடைமுறையைச் செய்து பதிந்த பிறகே விமானம் கிளம்பலாம்.

அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 ஏர் கனடா 143 போதும். அளவுமானி வேலை செய்யாததால் கோல் வைத்துப் பார்த்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77-ஆல், அது பவுண்டுக்கு உரிய எண். 20,088 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர் நிரப்பினார்கள். நடுவானில் இரு எஞ்சினும் நின்று, கிம்லியின் பழைய விமானத்தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. எரிபொருள் சீட்டில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுங்கள், பெருக்கும் எண்ணுக்கும் சேர்த்து.

மூடியதை எடுக்க மறப்பது

விமானத்தைக் கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகளுக்குள் (வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்க உதவும் துளைகள்) தண்ணீர் போகாமல் மூடுவார்கள். 1996 அக்டோபர் 2, லிமாவிலிருந்து இரவில் கிளம்பிய ஏரோபெரு 603-இல் அந்த டேப்பை எடுக்கவில்லை. பளபளப்பான உலோகத்தின் மேல் ஒட்டிய டேப், சுற்றிவந்து பார்த்த கண்களுக்கும் படவில்லை. உயரமும் வேகமும் தவறாகக் காட்ட, விமானம் பசிபிக்கில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். கையில் கிடைத்த டேப்பை ஒட்டாதீர்கள். அதற்கென்றே உள்ள, சிவப்பு நாடா தொங்கும் மூடியைப் போடுங்கள். எத்தனை மூடி போட்டீர்கள், எந்தெந்தத் துளையில் என்று லாக்புக்கில் தனி வரி திறங்கள். எடுத்த மூடிகளைக் கையில் எண்ணிப் பார்த்த பிறகே அந்த வரியை மூடிக் கையெழுத்து போடுங்கள்.