கடலூரை வைத்து உங்கள் முதல் அறிபுனைக் கதையை எழுதுவது எப்படி?

அறிவியல் புனைகதை என்றதும் பலர் நேராக விண்கலத்தில் ஏறிவிடுகிறார்கள். அது எப்படி ஓடுகிறது, உள்ளே இருப்பவர்கள் எதற்குச் சண்டை போடுவார்கள் என்றெல்லாம் தெரியாததால் கதை இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. கடலூர்க்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையே இல்லை.

படி 1: ஊரில் நிஜமாகவே இருக்கும் விசித்திரம் ஒன்றை எடுங்கள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. பம்புகள் இரவும் பகலும் ஓடி அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே சுரங்கம் வெட்ட முடியும். அறிவியல் கதைக்கு இது ஒன்றே போதும்.

மாயக் கதை எழுத ஆசையா? 1690இல் கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது. பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்கு என்பது பேச்சு. சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் வந்தவை ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. வரலாறே இப்படி இருக்கும்போது நாம் எதைத் தேடி வெளியே போவது?

படி 2: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நெய்வேலியில் பம்புகள் ஓடுகின்றன, தண்ணீர் வரவில்லை, அழுத்தமும் குறையவில்லை. அப்படியென்றால் கீழே இருப்பது என்ன? இந்தக் கதையில் மற்ற அறிவியல் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

பீரங்கிக் கதையில், அன்று சுட்ட குண்டுகளில் ஒன்று இன்னும் விழவில்லை என்று வையுங்கள். அது வானத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் நிழல் ஒரு நிலத்தின் மேல் விழுந்தால் அந்த நிலத்தின் பத்திரத்தில் எழுத்து அழிந்துவிடும். இதுதான் விதி. இன்னொரு மாயத்தைச் சேர்க்க மனம் துடிக்கும், சேர்க்காதீர்கள்.

படி 3: விதியை வைத்துப் பிழைப்பவர்களைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, நேரம் எடுத்துச் செய்யுங்கள். நிழலின் பாதையைக் கணக்குப் போட்டுச் சொல்லிக் காசு வாங்கும் தரகர் ஒருவர் இருப்பார். நிழல் வரும் வாரத்தில் பதிவு அலுவலகம் பூட்டியிருக்கும். அந்தப் பக்கத்து நிலத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. காலமெல்லாம் கூலிக்கு முந்திரி பொறுக்கிய ஒரு பண்ருட்டி அம்மா மட்டும் நிழல் வரட்டும் என்று காத்திருப்பார். பார்த்தீர்களா, கதை அவரிடம்தான் இருக்கிறது! யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டே போனால் ஆட்கள் தாமாக வந்துவிடுவார்கள்.

படி 4: விளக்காமல் எழுதுங்கள்

‘பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குண்டு...’ என்று தொடங்க வேண்டாம். இப்படிப் பாருங்கள்:

“நிழல் வர இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. பத்திரத்த எடுத்துக்கிட்டு உங்க மாமா வீட்டுக்குப் போயிடு” என்றாள் அத்தை.

பத்திரத்தை இடம் மாற்றினால் எழுத்து தப்புமா? அதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வாசகர் கட்டாயம் கேட்பார்.

எழுதும் நாட்களில் இவ்வகைக் கதைகளைப் பென்சிலோடு படியுங்கள். அந்த உலகத்தின் விதி முதலில் தெரியவரும் வரியில் கோடு போடுங்கள். புதுச்சேரியில் இருந்தால் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

படி 5: படித்துக் காட்டுங்கள்

சரி, கதை முடிந்தது. நண்பர்கள் இரண்டு மூன்று பேரை வெள்ளிக் கடற்கரைக்கு அழைத்து வாய்விட்டுப் படியுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ‘இந்த ஊரில் எது நடக்கும், எது நடக்கவே நடக்காது?’ என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு பதில் வந்தால், விதி உங்கள் மனதில்தான் இருக்கிறது, தாளில் இறங்கவில்லை. முதல் பக்கத்திலேயே யாராவது ஒருவர் அந்த விதியால் எதையாவது இழக்கும்படி ஒரு காட்சி எழுதிச் சேர்த்து, மறுபடி படித்துக் காட்டுங்கள்.