பம்ப்பில் பால் குறைந்தபோது நான் செய்தது

எட்டாம் மாதத்திலேயே பிறந்த என் மகளுக்கு மார்பில் உறிஞ்சிக் குடிக்கும் பலம் வரவில்லை என்பதால், காவேரிப்பட்டணத்தில் அம்மா வீட்டில் இருந்தபடி மின் பம்ப்பால் பாலை எடுத்துப் பாலாடையில் புகட்டி வந்தேன். ஆறாவது வாரத்தில், வேளைக்கு 90 மில்லி வந்த பால் 40 மில்லியாகச் சுருங்கியது. அம்மா சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் செய்து போட்டார். ருசியாகத்தான் இருந்தன, அளவு கூடவில்லை.

தூக்கத்துக்கு ஆசைப்பட்டு இரவு 2 மணி வேளையை நான் நிறுத்தியிருந்தேன். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில் அதிகமாக இருக்கும் என்பதாலும், மார்பில் பால் தேங்கினால் உடலே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்பதாலும், 24 மணி நேரத்தில் 8 முறை என்ற கணக்குக்குத் திரும்பினேன். பம்ப்போடு வந்த, மார்பில் பொருத்தும் 24 மி.மீ. புனல் எனக்குப் பெரிதாக இருந்ததால், காம்பைச் சுற்றிய கருவளையமும் உள்ளே இழுபட்டு வலித்தது. காம்பின் விட்டத்தை அளந்து பார்த்து 21 மி.மீ. புனல் வாங்கினேன். தளர்ந்துபோன வால்வையும் மாற்றிய பிறகே (அத்தனை சிறிய துண்டை யார் சந்தேகப்படுவார்கள்!) இழுவிசை பழையபடி வந்தது.

சுரப்பைத் தூண்ட, மாலையில் ஒரு மணி நேரம், 20 நிமிடம் எடுத்து, 10 நிமிடம் ஓய்ந்து, மீண்டும் பத்துப் பத்து நிமிடமாக எடுத்தும் ஓய்ந்தும் முடிப்பேன். ஒன்பதாம் நாள் 80 மில்லி வந்தது.