கோழிக் கொட்டகைக்குக் கரண்ட் இழுப்பவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், எங்கள் புக்கிட் மெர்தாஜாம் தாமானில் (குடியிருப்பில்) கோழி வளர்க்கும் ஆசை இப்போது இளைஞர்களையும் பிடித்துக்கொண்டது. போன மாதம் எதிர்வரிசைத் தம்பி ஒருவர், "அண்ணே, கொட்டகைக்கு லைட் போட்டாச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கட்டிய கொட்டகை மாதிரியே இருந்தது! வயர் போன வழியும் அதேதான். ஈரக்கையால் சுவிட்சைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவருக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதற்குக் கரண்ட் என்று யோசிக்காமல் இழுப்பது

குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வளர்ந்த கோழிகளுக்குச் சூட்டு விளக்கு மாட்டுகிறார்கள். பினாங்கு வெயிலில் அவற்றுக்கு வேண்டியது நிழலும் காற்றும். சூடு குஞ்சுகளுக்குத்தான்: முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம்.

முட்டைக்காக வெளிச்சம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. இங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். முட்டைக் கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் நல்லது. ஒரு சின்ன எல்இடி பல்பும் டைமரும் போதும். அந்தக் கூடுதல் வெளிச்சத்தை விடியற்காலையில் கொடுங்கள். இரவில் விளக்கு பட்டென்று அணைந்தால், பரணில் ஏறாத கோழிகள் இருட்டில் முட்டி மோதும்.

வலையோடு வயரைக் கட்டுவது

இதைப் பேசினால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். என்மேல்தான்.

சமையலறை பிளக் பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாகக் கொண்டுபோய், கோழி வலை நெடுகக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காற்றடித்தால் வலை ஆடும். ஆட ஆட, கம்பி முனை வயரின் தோலை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மழை பெய்தால் வீட்டு இஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக லைனை அணைக்கும் சுவிட்ச், விழும். வெயில் வந்ததும் தூக்கிவிட்டால் நிற்கும். மழைக்கோளாறு என்று சும்மா இருந்துவிட்டேன். இஎல்சிபி பழசாகிவிட்டது என்று ஒருவர் சொல்ல, புதுசு வாங்கி மாற்றினேன். அதுவும் விழுந்தது.

தோல் அறுந்த இடத்திலிருந்து வலை முழுவதும் கரண்ட் ஏறியிருந்தது. செங்கல் வரிசைமேல் மரச்சட்டம், சட்டத்தில் அடித்த வலை. எல்லாம் காய்ந்திருக்கும்போது கரண்ட் மண்ணுக்கு இறங்க வழியில்லை. இஎல்சிபிக்கும் எதுவும் தெரியாது. மழையில் சட்டமும் செங்கலும் ஊறியதும் கசிவு கூடும், அது விழும். ஆக, அது விழுந்த நாட்கள்தான் எனக்குப் பாதுகாப்பான நாட்கள். விழாத நாட்களில் அந்த வலைக்கதவைத் திறந்து தீனி போட்டுக்கொண்டிருந்தேன், ரப்பர் செருப்பின் புண்ணியத்தில்.

தண்ணீர் வைக்கும் தகர டப்பாவை வலைக்கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். இரண்டு வாரத்தில் மூன்று பெட்டைகள் அதற்குக் கீழே செத்துக் கிடந்தன. வெள்ளைக்கழிச்சல் என்று பயந்து, மிச்சக் கோழிகளுக்கு மருந்து வாங்கி ஊற்றினேன். ஒருநாள் வெறுங்காலோடு டப்பாவைக் கழற்றப் போனபோது புறங்கை பட்டது. கை தானாக உதறிக்கொண்டது. உள்ளங்கையால் பிடித்திருந்தால் விட்டிருக்காது.

மூன்று கோழி செத்தும் இஎல்சிபி ஏன் விழவில்லை? என் வீட்டில் இருந்தது 100 மில்லியாம்பியர். கோழி உடம்பு வழியாகப் போன கரண்ட் அந்த அளவைத் தொடவில்லை. தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியருக்கு மேல் போகக்கூடாது என்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளே சொல்கின்றன. கோழிக் கொட்டகையைவிட ஈரமான தரை எது?

அதனால் கொட்டகைக்குத் தனி லைன், அதற்கென்று தனி 10 மில்லியாம்பியர் இஎல்சிபி. கொட்டகையில் கோளாறு வந்தால் வீட்டு ஃப்ரீசர் அணையாது என்பது கூடுதல் லாபம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வயர் பிவிசி குழாய்க்குள், மரத்தூணோடு போகட்டும். வலையை எங்கேயும் தொடக்கூடாது. இஎல்சிபி விழுந்தால் முதலில் கொட்டகை லைனை அணையுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள். தூக்கித் தூக்கிவிட்டுப் பார்ப்பது வேண்டாம்.

எலி

குழாயின் வாயை அடைக்காவிட்டால் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

சூட்டு விளக்கை அதன் வயரிலேயே தொங்கவிடுவது

250 வாட் பல்பு காய்ந்த மரத்தூள்மேல் விழுந்தால் கொட்டகை மிஞ்சாது. ஒரு சங்கிலி, அது அறுந்தால் தாங்க இன்னொரு சங்கிலி. குஞ்சுகள் வளர்ந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள்.

சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை இல்லாத அடாப்டர்

வேண்டாம்.

"நானே போட்டுக்குவேன்"

பல்பு மாற்றுங்கள், டைமர் செருகுங்கள். டிபி பெட்டியிலிருந்து (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) புது லைன் இழுப்பதும் எர்த் கொடுப்பதும் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேன் வேலை. எனக்கு வந்தவர் பல்பைப் பார்க்கவே இல்லை, "எர்த் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எதிர்வரிசைத் தம்பியிடம் இத்தனையும் சொன்னேன். "நான் கட்டுக்கம்பி போடல அண்ணே, கேபிள் டைதான்" என்றார். வயர் வலைமேல்தானே கிடக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழை நேரத்துல ஒண்ணு ரெண்டு தடவை விழுந்துச்சு, மத்தபடி…" என்று ஆரம்பித்தார்.

அவர் முடிக்கும் முன்னே சமையலறைக்குப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.